ஒரு கை கூடினா தலைவர்: நெருக்கமான போட்டிகளும் தோட்டத்து வாக்கும்

யாழ்ப்பாண மாநகர சபையில் 45 உறுப்பினர்கள். 2020 டிசம்பர் 30ஆம் திகதி ஒரு புதிய முதல்வரைத் தெரிவுசெய்ய அவர்கள் கூடினார்கள். வி. மணிவண்ணனுக்கு 21 வாக்கு. அதுவரை முதல்வராக இருந்த இம்மானுவேல் ஆர்னோல்ட்டுக்கு 20 வாக்கு. மிச்சப் பேர் ரெண்டு பக்கமும் சேரவில்லை. ஒரே ஒரு வாக்கில் ஒரு நகரத்தின் தலைமை கைமாறியது.

யாழ்ப்பாணத்துக்கும் பதுளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. அங்கே முதல்வரைத் தெரிவுசெய்த அதே சட்டம்தான் பதுளை, பண்டாரவளை மாநகர சபைகளுக்கும், அப்புத்தளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல பிரதேச சபைகளுக்கும் தலைவரைத் தருது. நம்ம ஆளுங்க ரெண்டு பேரோ மூணு பேரோ உள்ளே இருக்கிற சபைகளில், அந்த ரெண்டு மூணு கைதான் பல நேரம் தராசு முள்ளைச் சாய்க்குது. அந்தக் கை எப்படி வந்தது, அது எதுக்காக உயருது என்று யாரும் பெருசா எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

21க்கு 20: என்ன நடந்தது?

2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ். மாநகர சபையில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16 ஆசனம். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி போட்டியிட்ட சைக்கிள் சின்னத்துக்கு 13. ஈபிடிபிக்கு 10. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 3, சுதந்திரக் கட்சிக்கு 2, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 1. பாதிக்கு 23 பேர் வேணும், பெரிய கட்சியிடம் இருந்தது 16. ஆர்னோல்ட் முதல்வரானார். ஆனா நாற்காலியின் கால் முதல் நாளே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

2020 டிசம்பரில் அவர் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம் தோற்றது. திருத்தி மறுபடி வைத்தார், அதுவும் தோற்றது. ரெண்டாவது முறையும் தோற்றால் பதவி போகும் என்பது சட்டம், போனது. தமிழரசுக் கட்சி திரும்பவும் ஆர்னோல்ட்டையே நிறுத்தியது. கட்சிக்குள்ளேயே அதுக்கு எதிர்ப்பு இருந்தது. மறுபக்கம் நின்ற மணிவண்ணனோ, கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தலைமையோடு முரண்பட்டுத் தன் கட்சியில் இருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தவர். முன்னணியில் அவர் பக்கம் நின்ற உறுப்பினர்களும் ஈபிடிபியும் சேர்ந்துதான் அந்த 21ஐ உண்டாக்கினார்கள். மேடையில் ஒன்றை ஒன்று பரம விரோதியாகப் பேசிய ரெண்டு அரசியல், சபைக்குள் ஒரே வேட்பாளருக்கு வாக்களித்தது.

இதைக் கொள்கைத் துரோகம் என்று சொன்னவங்களும் இருந்தாங்க, நகரத்துக்கு வேலை நடந்தாச் சரி என்று சொன்னவங்களும் இருந்தாங்க. ரெண்டு பேச்சிலும் நியாயம் இருக்கு. நமக்கு முக்கியம் அடுத்த கட்டம். 2021 ஏப்ரலில் மாநகர சபை நகரத் துப்புரவைக் கண்காணிக்க ஒரு அணியை இறக்கியது. அவர்களுடைய சீருடை புலிகளின் காவல்துறைச் சீருடையைப் போல இருக்கிறது என்று சொல்லி முதல்வரையே பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைது செய்தது. பிறகு பிணையில் வந்தார். 2022 டிசம்பரில் அவருடைய வரவு செலவுத் திட்டமும் தோற்க, பதவி விலகினார். 2023 ஜனவரியில் மறுபடி ஆர்னோல்ட். அதே மார்ச்சில் சபையின் காலமே முடிந்துபோனது.

கணக்குப் பண்ணிப் பாருங்க: மக்கள் வாக்குப் போட்டது ஒரு தரம், நாற்காலியில் ஆள் அமர்ந்தது மூணு தரம்.

எதனால் இத்தனை தொங்கு சபைகள்?

பழைய விகிதாசார முறையில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு 2 போனஸ் ஆசனம் கிடைக்கும், முதல்வரையோ தவிசாளரையோ அந்தக் கட்சியே பெயரிடும். சபைக்குள் தலைவர் போட்டி என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. 2012லும் 2017லும் செய்த திருத்தங்கள் இதை மாற்றின. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறை 2018இல் முதல் தடவை அமுலானது. நாடு முழுக்க உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்தில் இருந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் வந்தது.

அதோடு ஒரு புது விதி. ஒரு கட்சி பாதி ஆசனத்தை எடுத்தால் தலைவரை அதுவே பெயரிடலாம். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் கூடி வாக்களித்துத் தெரிவுசெய்யணும். பகிரங்கமா, இரகசியமா என்பதையும் அவங்களே தீர்மானிப்பாங்க. வாக்கு சமமா வந்தா திருவுளச்சீட்டு.

சின்னக் கட்சிக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் இது வாசலைத் திறந்தது உண்மை. முன்னெல்லாம் 2 ஆசனம் வைத்திருக்கிறவர் சபையில் கடைசி வரிசையில் இருந்து கத்தலாம், அவ்வளவுதான். இப்போ அவருடைய வீட்டுக்கு ரெண்டு பெரிய கட்சியும் ஆள் அனுப்புது. அவர் என்ன கேட்கிறார் என்பதுதான் கேள்வி. தோட்டத்துக்கு ரோட்டா, தனக்கு உப தவிசாளர் பதவியா?

மூடிய பெட்டியும் திறந்த கமராவும்

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு இந்தக் கேள்வி கொழும்புக்கும் வந்தது. கொழும்பு மாநகர சபையில் 117 பேர். தேசிய மக்கள் சக்திக்கு 48. பாதியைத் தாண்ட 59 வேணும். ஜூன் 16ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசாருக்கு 61, ஐக்கிய மக்கள் சக்தியின் ரீசா சரூக்குக்கு 54, செல்லாத வாக்கு 2. நீண்டகாலம் ஐக்கிய தேசியக் கட்சியின் கோட்டையாக இருந்த நகரம் கைமாறியது. ரோசி சேனாநாயக்கவுக்கு அடுத்து கொழும்பின் முதல்வரான ரெண்டாவது பெண் இவர்.

61இல் 48ஐக் கழித்தால் 13. ஆகக் குறைந்தது 13 பேர் வேற சின்னத்தில் ஜெயித்து வந்து இவருக்கு வாக்களித்திருக்கிறார்கள். அவங்க யாரு? அவங்களுக்கு வாக்குப் போட்ட வட்டாரத்து மக்களுக்கே தெரியாது. வெற்றி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். நம்ம பிரதிநிதி யாருக்கு வாக்களித்தார் என்று அறியும் உரிமை நமக்கு இருக்கா இல்லையா என்பதுதான் இங்கே பிரச்சினை. உறுப்பினரை மிரட்டலில் இருந்தும் கட்சி அழுத்தத்தில் இருந்தும் இரகசிய வாக்கு காப்பாற்றுது என்று ஒரு வாதம் உண்டு. ஒரு லயத்து மனுசன் வாக்குச்சாவடியில் போடும் வாக்குக்கு அந்த வாதம் முழுக்கப் பொருந்தும். கங்காணிக்கும் தொரைக்கும் தலைவருக்கும் தெரியாமல் வாக்களிக்கும் சுதந்திரம் அவனுக்கு உயிர் மாதிரி. ஆனா ஒரு உறுப்பினர் தன் சொந்த வாக்கையா போடுறார்? அவர் கையில் இருப்பது ஒரு வட்டாரத்தின் வாக்கு.

பக்கத்து நாட்டில் இதையே வேற விதமாப் பார்த்தோம். 2024 ஜனவரி 30, சண்டிகர் மாநகராட்சி மேயர் தேர்தல். மொத்தம் 36 வாக்கு. தேர்தலை நடத்திய அதிகாரி எதிர்க்கட்சிக் கூட்டணி வேட்பாளரின் 8 வாக்கைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டு, 16க்கு 12 என்று பாஜக வேட்பாளர் வென்றதாக அறிவித்தார். ஆனா அவர் வாக்குச்சீட்டில் பேனாவால் ஏதோ கிறுக்குவது கமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் பெப்ரவரி 20ஆம் திகதி அந்த 8 வாக்கும் செல்லும் என்று சொல்லி, குல்தீப் குமாரையே மேயராக அறிவித்தது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் அந்த 8 வாக்கு வெறும் வதந்தியாப் போயிருக்கும். போட்டி நெருக்கமாக ஆக, பதிவின் பெறுமதியும் கூடிக்கொண்டே போகுது.

ஊவா 2014: நாற்காலி நகர்ந்தது, மலையும் நகர்ந்தது

இனி நம்ம ஊருக்கு வருவோம். இது மாநகர சபைக் கதை இல்ல, மாகாண சபைக் கதை. ஆனா ஒரு சபையின் தலைமை எப்படிக் கைமாறுது என்று ஊவா கண்ணால் பார்த்த பெரிய பாடம் இதுதான்.

2009 ஊவா மாகாண சபைத் தேர்தலில் 34 ஆசனத்தில் 25ஐ ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு எடுத்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 7தான். அஞ்சு வருசத்தில் நிலைமை மாறியது. நாடாளுமன்ற ஆசனத்தை விட்டுவிட்டு ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சர் வேட்பாளராக இறங்கினார். 2014 செப்டம்பர் 20 தேர்தலில் கூட்டமைப்புக்கு 19, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13, ஜே.வி.பிக்கு 2. சஷீந்திர ராஜபக்ஷ மறுபடி முதலமைச்சர். பாதியைத் தாண்ட 18 பேர் வேணும், அவர்களிடம் இருந்தது 19. ரெண்டு பேர் நகர்ந்தால் போதும்.

2015 ஜனவரி 8 சனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ தோற்றார். அந்த மாதமே ஊவாவில் ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் சிலர் பக்கம் மாற, ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சராகப் பதவியேற்றார். அதே வருசத்தில் அந்தப் பதவி சாமர சம்பத் தசநாயக்கவிடம் போனது. ஒரே வருசத்தில் மூணு முதலமைச்சர், ஆனா இடையில் மாகாண சபைத் தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. முதலமைச்சரைத் தெரிவுசெய்ய சபையில் வாக்கெடுப்புக்கூட கட்டாயமில்லை. பெரும்பான்மை யார் பக்கம் என்று ஆளுநர் கருதுகிறாரோ அவரை நியமிக்கலாம்.

இந்த நாற்காலிக் கதைக்கு நடுவில் இன்னொரு திகதி இருக்கு. 2014 ஒக்டோபர் 29. தேர்தல் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் காலை நேரத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. யார் அந்தச் சனத்தை அங்கிருந்து எடுத்திருக்கணும்? காணி தோட்டத்துடையது. நிர்வாகம் கம்பெனியுடையது. எச்சரிக்கை போனது அரச அலுவலகத்துக்கு. ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் காட்டலாம். ஓட்டுக் கேட்டு லயத்து வாசலுக்கு வந்த கட்சிகளில் ஒன்றாவது “மீரியபெத்தையை எப்போ மாற்றுவீங்க” என்ற கேள்வியை மாகாண அதிகாரப் பேரத்தின் நிபந்தனையாக வைத்திருந்தால்? நெருக்கமான சபையில் அப்படி ஒரு நிபந்தனைக்குப் பலம் இருந்தது. அந்தப் பலம் பதவிக்குத்தான் செலவானது.

2014 ஊவாத் தேர்தல்தான் இலங்கையில் கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் என்பதையும் சேர்த்து நினைவில் வைங்க. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தபோது ஊவாவில் தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபையே இல்லை.

பட்டியலில் இல்லாத பெயர்கள்

நெருக்கமான போட்டியில் தோட்டத்து வாக்கு முள்ளைச் சாய்க்கும் என்பது இன்றைக்குக் கண்டுபிடித்த விசயம் இல்ல. அந்தப் பயம் நூறு வருசப் பழசு. 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமை கொடுத்தது. இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு, சொத்து, எழுத்தறிவு என்று தகுதிகள் வைத்தார்கள். அப்படியும் 1939 ஆகும்போது 225,000 பேர் பட்டியலில் இருந்தார்கள். அதிகாரிகள் விதிகளை இறுக்கினதும் 1943இல் அது 168,000 ஆகக் குறைந்தது.

உள்ளூர்ச் சபைகளில் கதவு இன்னும் இறுக்கம். 1937இல் கிராம சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை என்று வைக்கப் பார்த்தார்கள். ஒரு இனத்தின் பெயரை வைத்து விலக்குவதா என்று எதிர்ப்பு வந்தது. அப்போ செய்த சமரசத்தைப் பாருங்க: இனப் பெயரை எடுத்துவிட்டு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் யாராக இருந்தாலும் வாக்கு இல்லை என்றார்கள். தோட்டத்தில் இருந்த கொஞ்சச் சிங்களத் தொழிலாளரின் உரிமையும் சேர்ந்து போனது. “தோட்டம் என்பது கிராமம் இல்ல, அது தொரையின் வீடு” என்ற எண்ணம் அன்றைக்கே சட்டத்துக்குள் ஏறிவிட்டது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. அதில் பதுளைத் தொகுதி ஒன்று. அங்கே வென்றவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த வருசமே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து குடியுரிமை இல்லாதவர் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்தது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆள் அப்படியே கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தாங்க, பட்டியலில்தான் இல்ல.

பிறகு 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பேச இன்னும் பத்து வருசம் எடுத்தது. 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் நாடற்றவர் என்ற பெயர் ஒழிந்தது. அதாவது பிரதேச சபைத் தேர்தல் 1991இல் முதல் முதலா நடந்தபோது, நம்ம வீட்டுப் பெரியவங்கள்ல பலருக்குக் கிராமிய மட்டச் சபை ஒன்றுக்கு வாக்குப் போடுவதே வாழ்க்கையில் முதல் அனுபவம்.

வாக்கு உண்டு, வேலை இல்லை

வாக்குக் கிடைத்தது. ஆனா 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. தோட்டக் கம்பெனி ஏக்கர் வரி கட்டும். தோட்டத்து மனுசன் வாக்குப் போடுவான். தவிசாளர் தெரிவாவார். ஆனா பாதை உடைஞ்சா, லைட் எரியாட்டி, குடிதண்ணி இல்லாட்டி, “அது தோட்டத்துக் காணி, நாங்க கை வைக்க ஏலாது” என்று பதில் வரும். மனமுள்ள உறுப்பினருக்கும் அது தடை, மனமில்லாத உறுப்பினருக்கு அது சாட்டு.

2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டத்துக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்யலாம். 1937இல் சட்டத்துக்குள் ஏறிய எண்ணம் எண்பத்தொரு வருசம் கழித்து ஒரு படி இறங்கியது. அதே வருசம்தான் கலப்புத் தேர்தல் முறையும் வந்து தொங்கு சபைகளையும் உண்டாக்கியது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுத்த நேரமும், தோட்டத்து உறுப்பினரின் கைக்கு மதிப்பு கூடின நேரமும் ஒன்றுதான்.

அந்த வாய்ப்பும் தொடர்ந்து இருக்கவில்லை. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தன. அதே மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தல், காசு இல்லை என்ற காரணத்தால் தள்ளிப் போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரெண்டு வருசத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். 2025 ஜூனில் திரும்பவும் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இனி என்ன கேட்கலாம்?

ஒரு வாக்கில் வென்ற தலைவர் பலவீனமானவர் என்று பொதுவாச் சொல்வாங்க. யாழ்ப்பாணம் அதைக் காட்டுது. வரவு செலவுத் திட்டம் வரும் ஒவ்வொரு டிசம்பரும் அவருக்குக் கண்டம். ஆனா தலைவரின் பலவீனம் மக்களுக்கு எப்பவும் நட்டம் இல்ல. நூறு வாக்கு மிச்சம் இருக்கிறவர் ஒரு டிவிசனின் கோரிக்கையைக் கிழித்துப் போடலாம். ஒரு வாக்கில் தொங்குகிறவர் அதை வாசித்துத்தான் ஆகணும். இது பலமா மாறுவதும், பின்கதவுப் பேரமா முடிவதும் ஒன்றில்தான் தங்கியிருக்கு: அந்தக் கை எதுக்காக உயர்ந்தது என்று நமக்குத் தெரியுமா?

அதனால் நாம் சொல்வது இவ்வளவுதான். நம்ம வட்டாரத்து உறுப்பினரிடம் “எந்தக் கட்சி?” என்று கேட்டது போதும். தவிசாளர் தெரிவில் பகிரங்க வாக்குக் கேட்டீங்களா, இரகசிய வாக்குக் கேட்டீங்களா? யாருக்குக் கை உயர்த்தினீங்க, என்ன நிபந்தனையில்? அந்த நிபந்தனை சபையின் கூட்ட அறிக்கையில் பதிவாகியிருக்கா? அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு? 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்ட அறிக்கையையும் செலவுக் கணக்கையும் எழுத்தில் கேட்கலாம். பிரதேச சபையும் அதுக்குக் கட்டுப்பட்டதுதான். பத்துப் பேர் சேர்ந்து சந்தா கட்டிச் சங்கம் நடத்தத் தெரிந்த சமூகத்துக்கு, ஒரு விண்ணப்பம் எழுதுவது பெரிய வேலை இல்ல.

பெயரே பட்டியலில் இல்லாத காலத்தில் நம்ம பாட்டன் பூட்டன் தொரையிடம் மனுக் கொடுத்தாங்க. இப்போ நம்ம பெயர் பட்டியலில் இருக்கு, நம்ம ஆள் சபையில் இருக்கார், பல சபைகளில் அவர் கை இல்லாமல் தலைவர் இல்ல. அடுத்த டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வரும். அதுக்கு முந்தியே நம்ம டிவிசனின் பாதையும் தண்ணியும் சரிவுக்குக் கீழே இருக்கிற லயமும் எழுத்தில் அவர் கையில் இருக்கணும்.